ரிஷபவாகனரும் ஒரு காப்பாட்சியரும்: குட்டி டாக்குமென்டரி எடுத்த கதை, இதுவரைக்கும்

தஞ்சாவூர் அரண்மனைக்குள்ள இருக்கிற கலைக்கூடத்துல ஒரே ஒரு சிலைய எடுத்துக்கிட்டு, அதப்பத்தி ஒரு காப்பாட்சியர பேச வச்சு ஏழெட்டு நிமிஷத்துல ஒரு டாக்குமென்டரி பண்ணனும்னு ரொம்ப நாள் ஆசை. ஷூட் முடிஞ்சு எடிட்டிங்ல பாதி தாண்டியாச்சு, அதான் எழுதுறேன்.

எந்த சிலைன்னு நான் யோசிக்கவே இல்ல, திருவெண்காட்டு ரிஷபவாகனர்தான், அதாவது தன்னோட காளை மேல கை சாய்ச்சு நிக்கிற சிவன். பாம்புகள சுத்தித் தலைப்பாகை மாதிரி கட்டின சடை, ஒரு கால் மேல ஒரு கால் குறுக்க வச்சு அவ்ளோ சாவகாசமா நிக்கிறாரு. 1011ல ராஜராஜன் காலத்துல கோலக்கவன்ங்கிறவர் இதைக் குடுத்ததாவும் அடுத்த வருஷம் அம்மனும் வந்ததாவும் அந்தக் கோயில் கல்வெட்டு சொல்லுது. மண்ணுக்கடியில இருந்து எடுத்தப்போ அந்தக் காளை, அதான் ரிஷபம், அவரோட இல்ல, வலது கை மட்டும் அது மேல சாஞ்ச மேனிக்கு அப்படியே இருக்கு.

பேசினவர் மியூசியத்துல வேலை பார்த்து ஓய்வு வாங்கின காப்பாட்சியர். முதல் பேட்டி அவர் வீட்லதான், ஜன்னல் வெளிச்சத்துல நாற்காலி போட்டு உட்கார வச்சு எடுத்தோம். என் கேள்விய எடிட்டிங்ல வெட்டிடுவேங்கிறதால, "சார், ஆமா இல்லன்னு நிறுத்தாம கேள்வியையும் சேர்த்து முழு வாக்கியமா சொல்லுங்க"ன்னு முன்னாடியே கேட்டுக்கிட்டேன், அது இப்ப ரொம்ப உதவுது. தகவல் எல்லாம் தெளிவா வந்துச்சு, ஆனா சிலைக்குக் கீழ இருக்கிற பலகைய வாசிக்கிற குரல்ல வந்துச்சு.

கலைக்கூடத்துக்குள்ள போனதும் ஆளே மாறிட்டாரு. வரலாறு எதுவும் கேக்காம "சார், இது முன்னாடி வந்து நின்னா உங்க கண்ணு முதல்ல எங்க போகும்?"னு மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் குனிஞ்சாரு. "முகத்த எல்லாரும் பாப்பாங்க தம்பி, நான் பீடத்தத்தான் பாப்பேன்"னு ஆரம்பிச்சு, உற்சவர் பீடத்துல துளையும் வளையமும் எதுக்கு, அதுல கம்பு குடுத்துக் கட்டித்தான் வீதியுலா தூக்குவாங்கன்னு சொல்லிட்டு, கோயில்ல பட்டும் மாலையுமா சாத்தியிருக்கிறப்போ இந்த இடுப்போட வளைவ ஊர்ல யாருமே பாத்திருக்க மாட்டாங்க, அபிஷேகம் பண்றவங்க கண்ணுக்கு மட்டும்தான் தெரிஞ்சிருக்கும், ஆனாலும் ஸ்தபதி அதுல ஒரு குறையும் வைக்கலன்னு சொன்னாரு பாருங்க, படமே எனக்கு அதுதான்னு தோணிடுச்சு. மழைக்காலத்து பயத்தையும் சொன்னாரு. உப்போட குளோரைடு உலோகத்துக்குள்ள இருந்து காத்துல ஈரமும் ஏறிச்சுன்னா வெளிர்பச்சையா பொடி பூக்கும், கவனிக்காம விட்டா அரிச்சுக்கிட்டே போகும், அதனால பச்சைப் புள்ளி ஏதாவது தெரியுதான்னு தினமும் பாக்கிறதே காப்பாட்சியரோட பெரிய வேலையாம்.

டெக்னிக்கல் விஷயம் கொஞ்சம். அனுமதிக்கு எழுதிக் குடுக்கும்போதே பிளாஷ் இல்ல, சிலைய தொட மாட்டோம், என்னென்ன சாமான் கொண்டு வர்றோம்னு எல்லாத்தையும் போட்டுட்டா நல்லது. சிலைக்கு முன்னாடி இருக்கிற கண்ணாடியில எங்க உருவம் விழாம இருக்க கேமராவுக்குப் பின்னாடி கறுப்புத் துணி பிடிச்சோம். லென்ஸ்ல போலரைசர்ங்கிற, பிரதிபலிப்பக் குறைக்கிற பில்டர் போட்டு, நேரா நிக்காம சாய்வா நின்னு எடுத்தா கண்ணாடி மினுக்கு நல்லாவே குறையும், ஆனா உலோகத்தோட பளபளப்பு அதுல போகாது. வெண்கலத்துக்கு அது வரம்னுதான் சொல்லணும். நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ்ங்கிறதால நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50 வச்சதுல லைட் துடிக்கல. ஹால்ல எதிரொலி இருந்ததால சட்டையில குத்துற காலர் மைக்கத்தான் நம்பினேன். யாரும் பேசாத வெறும் ஹால் சத்தத்தையும் ஒரு நிமிஷம் தனியா ரெக்கார்ட் பண்ணிக்கணும், வெட்டின இடத்துல எல்லாம் அடியில போட அதுதான் கை குடுக்குது.

நடுநடுவுல காட்டுறதுக்கு சுவாமிமலை பட்டறையிலயும் எடுத்தேன். தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்து உருவம் செஞ்சு, அது மேல காவிரி வண்டல் பூசி, காய வச்சு சூடு பண்ணி மெழுக உருக்கி வெளிய ஊத்திட்டு அந்த இடத்துல உலோகத்த விடுறாங்க. அச்ச உடைச்சாதான் சிலை வெளிய வரும், அதனால ஒவ்வொண்ணும் ஒரே ஒரு தடவைதான். சார் இடுப்பு வளைவப் பத்திப் பேசுற இடத்துல, ஸ்தபதி சூடான கத்தியால மெழுகுல இடுப்ப வழிக்கிற ஷாட்ட வச்சிருக்கேன். ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வந்தப்போ உடம்பு சிலிர்த்துச்சு.

எடிட்டிங் டாவின்சி ரிசால்வ்ங்கிற சாஃப்ட்வேர்ல போகுது. பேசினத மொத்தமா டைப் பண்ணி, பேப்பர்லயே வெட்டி ஒட்டிட்டு அப்புறம்தான் டைம்லைன தொட்டேன். இப்ப 11 நிமிஷம் இருக்கு. வீட்ல எடுத்ததுல கல்வெட்டு பத்தின பகுதிய மட்டும் வச்சுக்கிட்டு மிச்சத்த எடுத்துடலாம்னு இருக்கேன். அவர் பேசாம சிலைய பாத்துக்கிட்டே நின்ன நேரத்த மட்டும் ஒரு நொடி கூட வெட்டப் போறதில்ல. ரிஷபவாகனர காட்டுற எல்லா ஷாட்லயும் ரிஷபம் நிக்க வேண்டிய பக்கத்துல இடம் விட்டுத்தான் பிரேம் வச்சிருக்கேன், கலர் கரெக்ஷன் பண்ணும்போது அந்தப் பக்கம் ரொம்ப இருட்டாகிடாம பாத்துக்கணும். அதுக்கப்புறம் சப்டைட்டில் வேலை, முதல் காப்பிய சார் வீட்டு டிவியிலதான் போட்டுக் காட்டப் போறேன்.