குமுளிக் கடைவீதியும் ஆங்கிலப் பேச்சும்

கேரள எல்லை ஊரான குமுளியில் ஏலக்காயும் மிளகும் விற்கும் நம் பிள்ளைகள், தேக்கடிக்கு வரும் வெளிநாட்டவரிடம் விலையைத் தயங்காமல் ஆங்கிலத்தில் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் அவர் மேற்கொண்டு ஏதேனும் கேட்டால், விடையைத் தமிழில் அமைத்து மனத்துக்குள் மொழிபெயர்க்கத் தொடங்கி, வாயடைத்து நிற்கிறார்கள். மலையாளத்தை இவர்கள் அப்படி மொழிபெயர்த்துக் கற்கவில்லை; ஆங்கிலத்தில் மட்டும் இப்படித் தடுமாறுவதுதான் எனக்கு ஆதங்கம்.

பத்து மொழிகளின் உரையாடல்களை ஆராய்ந்து 2009-இல் வெளியான ஆய்வொன்று, ஆம் அல்லது இல்லை என்று விடை தரக்கூடிய கேள்விகளுக்குச் சராசரியாகச் சுமார் 200 மில்லிவிநாடியில் மறுமொழி வந்துவிடுவதைக் காட்டியது. அந்த வேகத்தில் மொழிபெயர்ப்புக்கு இடமேது?

ஆகவே அவகாசம் வாங்கித் தரும் சிறு தொடர்களையே முதலில் பழக வேண்டும். "வெல், லெட் மீ திங்க்" என்று சொல்லிவிட்டு யோசிக்கலாம், புரியாதபோது வெறுமனே தலையாட்டாமல், ஏலக்காயைக் கையில் எடுத்துக் காட்டி, "டூ யூ மீன் திஸ் ஒன்?" என்று கேட்டுவிடலாம்.