ஓடிபி சொல்லாத அம்மா

அம்மாவுக்கு ஆபா எண், அதாவது சிகிச்சை விவரங்களைச் சேர்த்துவைக்கும் அரசின் சுகாதாரக் கணக்கு எண், வாங்குவதற்குள் எனக்கு மூன்று நாள் சம்பளம் போனது. இன்னொருத்தருக்காவது அந்த அலைச்சல் மிச்சமாகட்டும்.

அம்மா மாதாமாதம் சர்க்கரை மாத்திரை வாங்குவது எங்கள் ஊர் அரசு மருத்துவமனையில். 2024-இல் அங்கே ஓபி சீட்டு போடும் இடத்தில் கியூஆர் கோடு ஒட்டினார்கள். செல்லில் ஸ்கேன் செய்தால் டோக்கன் வந்துவிடும், ஆனால் ஆபா எண் வேண்டும். கவுன்ட்டரில் இருந்த பையன் ஆதார் எண்ணைத் தட்டிவிட்டு, "ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்கம்மா" என்றான்.

அம்மா செல்லை முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். "அதை யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு பேங்குல சொல்லியிருக்காங்க தம்பி." பின்னால் நின்ற பெரியவர் வேறு, "சொல்லாதம்மா, எங்க தெருவுல இப்படித்தான் ஒருத்தருக்குப் பணம் போச்சு" என்று எடுத்துக் கொடுத்தார். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. இத்தனை வருஷம் சொல்லாதே சொல்லாதே என்று பயமுறுத்திவிட்டு, இப்போது கூட்டத்துக்கு நடுவே உரக்கச் சொல் என்றால்?

கடைசியில் பார்த்தால் ஓடிபி வரவே இல்லை. ஆதாரில் இருந்தது அப்பாவின் பழைய நம்பர். அவர் தவறி நான்கு வருஷம் ஆகிறது. அந்த நம்பரைக் கூப்பிட்டால் யாரோ ஹலோ என்கிறார். எங்கள் ஓடிபி அவருக்குத்தான் போயிருக்கிறது! "நம்பரை மாத்திட்டு வாங்க" என்றவன், எங்கே மாற்றுவது என்று கேட்பதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டான்.

ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு மறுநாள் தபால் ஆபீஸ் போனால், ஆதார் பார்ப்பவர் லீவு. முதலில் போன் போட்டுக் கேட்டுக்கொண்டு போங்கள். அடுத்த முறை போனபோதுதான் தெரிந்தது, நம்பர் மாற்ற ஒரு காகிதமும் வேண்டாமாம். ஆள் நேரில் வந்தால் போதும், அப்போது 50 ரூபாய் வாங்கினார்கள். ஆனால் அம்மாவின் ரேகை விழவில்லை. பாத்திரம் தேய்த்துத் தேய்த்து விரல் வழவழவென்று ஆகிவிட்டது. ஈரத்துணியில் துடைத்துத் துடைத்துப் பத்து விரலையும் வைத்துப் பார்த்தாயிற்று. "கண்ணை வச்சுப் பாருங்களேன் சார்" என்று நான் கேட்ட பிறகுதான் கருவிழிக் கருவியை வெளியே எடுத்தார். ஒரே தடவையில் விழுந்தது. ரேகை விழாவிட்டால் நீங்களே வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள், அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

ஐந்தாம் நாள் நம்பர் ஏறிவிட்டது. அப்புறம் வீட்டிலேயே ஆபா போட்டோம், பத்து நிமிஷ வேலை. ஓடிபியை அம்மாவே தட்டினார், என்னைத் திரும்பிக்கொள்ளச் சொல்லிவிட்டு. இன்னொன்று, இந்த 14 இலக்க எண் காப்பீட்டு அட்டை இல்லை. எங்கள் தெருவில் பாதிப் பேர் 5 லட்சம் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது வேறு அட்டை. கியூஆர் டோக்கனுக்குத்தான் ஆபா வேண்டும், வைத்தியத்துக்குக் கட்டாயமும் இல்லை.

அடுத்த மாதம் ஸ்கேன் செய்து, டோக்கன் வாங்கி, டாக்டரையும் பார்த்துவிட்டு, மருந்து கொடுக்கும் இடத்தில் பெருமையாகச் செல்லை நீட்டினேன்.

"அது எதுக்கு? சர்க்கரை நோட்டு எங்கே?"

நோட்டெல்லாம் இனிமேல் வேண்டாம் என்று காலையில் நான்தான் சொல்லியிருந்தேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. மஞ்சப்பைக்குள் கையை விட்டு நோட்டை எடுத்து நீட்டினார்.