500 கெஜத்துக்கு அடைத்த தோட்டா, 70 கெஜத்தில்

காகித இலக்கில் ஐந்து ஓட்டையும் ஒரு ரூபாய்க் காசுக்குள் விழுந்துவிட்டால் வேட்டைக்கு வேறென்ன வேண்டும் என்று இரண்டு வருஷத்துக்கு முன்புவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பு கலைந்தது அமெரிக்காவில், கொலராடோவின் கன்னிசன் பக்கம் ஓர் ஆஸ்பென் தோப்பில்.

வேட்டையா, நீயா என்று கேட்பவர்களுக்கு முதலில் ஒரு வரி. நம்மூரில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு அந்தக் கதை முடிந்தது. இங்கே வகுப்புக்குப் போய், லைசென்ஸ் வாங்கி, குலுக்கலில் டேக், அதாவது ஒரு விலங்குக்கான அனுமதிச் சீட்டு விழுந்தால் வருஷத்துக்கு ஓர் எல்க் சுடலாம். எல்க் நம் கடமானுக்குப் பெரியப்பா முறை. பெண் எல்க்கே 200 கிலோவைத் தாண்டும். ஒன்று கிடைத்தால் எங்கள் வீட்டில் அடுத்த தீபாவளி வரை ஆட்டுக்கறி வாங்குவதில்லை.

இந்தப் பதிவில் புல்லட் என்றால் குழலை விட்டுப் பறந்து போகும் முனை மட்டும். பித்தளை கேஸ், பற்றவைக்கிற பிரைமர், வெடிமருந்து, புல்லட் நாலும் சேர்ந்த முழுசுதான் தோட்டா. எடை கிரெயின் கணக்கில் வரும். நம் ஆசாரிகள் பொன்னைக் குன்றிமணியால் நிறுத்த மாதிரி இவர்கள் தானிய மணியால் நிறுத்திருக்கிறார்கள். 7,000 கிரெயின் ஒரு பவுண்டு, அதனால் 140 கிரெயின் புல்லட் என்பது 9 கிராம் சொச்சம். அந்த 9 கிராம்தான் 200 கிலோ உயிரை வலியில்லாமல், சீக்கிரமாக முடிக்க வேண்டும்.

சரி, இலக்குச் சுடும் போட்டிக்காரர்களின் மேட்ச் புல்லட்டுக்கு வேட்டைக்காரன் ஏன் ஆசைப்படுகிறான்? காற்றுதான் காரணம். மூக்கு நீண்டு, வால் ஒடுங்கிய புல்லட் காற்றைச் சுலபமாகக் கிழிக்கும், அதைத்தான் பி.சி. என்று ஓர் எண்ணாகச் சொல்கிறார்கள். என் ரைஃபிள் 6.5 பிஆர்சி என்ற தோட்டா வகைக்கானது. மணிக்கு 10 மைல் பக்கக் காற்றில், கடல் மட்டக் கணக்கில், 140 கிரெயின் மேட்ச் புல்லட் 500 கெஜத்தில் ஓர் அடிக்குக் கொஞ்சம் மேலே தள்ளிப்போகும். அதே எடையில் பழைய மாதிரி மொட்டை மூக்கு சாஃப்ட் பாயின்ட் (முனையில் ஈயம் வெளியே தெரிவது) என்றால் ஒன்றரை அடிக்கு மேல். எல்க்கின் நுரையீரலும் இதயமும் இருக்கிற இடமே ஒன்றரை அடிக்குள்தான், ஆக இந்த வித்தியாசம் சாதாரணமில்லை.

ஆனால் மேட்ச் புல்லட்டின் மூக்கில் இருக்கும் சின்ன ஓட்டையைப் பார்த்து, பட்டதும் புல்லட் விரிவதற்காக வைத்தது என்று நினைப்பவர்கள் நிறைய, நானும் அப்படித்தான் நினைத்தேன். அது தயாரிப்பு முறையின் தழும்பு, வேறொன்றுமில்லை. அடிப்பக்கம் மூடிய செம்புக் கிண்ணத்துக்குள் ஈயத்தை வைத்து முன்பக்கத்தைக் கூராக மடக்குகிறார்கள், கடைசியில் முழுசாக மூட முடியாமல் மிஞ்சுகிற இடம்தான் அந்த ஓட்டை. விரிகிற புல்லட்டுக்குப் பேர்போன டம்டம், 1890களில் கல்கத்தா பக்கத்து டம்டம் ஆயுதச் சாலையில் பிறந்தது, 1899 ஹேக் மாநாட்டில் போருக்குத் தடையானது. ஆனால் சியரா கம்பெனியின் மேட்ச்கிங் என்ற மேட்ச் புல்லட்டை அமெரிக்க ராணுவமே பயன்படுத்துகிறது, அந்த ஓட்டை விரிவதற்கு வைத்ததல்ல என்ற சட்ட வாதத்தோடு. சியரா கம்பெனியும் மேட்ச்கிங்கைப் பெரும்பாலான வேட்டைக்குப் பரிந்துரைப்பதில்லை. கொலராடோ சட்டமோ விரிகிற புல்லட்தான் வேண்டும் என்கிறது. எல்க் என்றால் 85 கிரெயினுக்குக் குறையக் கூடாது, 100 கெஜத்தில் 1,000 அடி-பவுண்டு சக்தி இருக்க வேண்டும். எடையிலும் சக்தியிலும் என் 140 கிரெயின் மேட்ச் புல்லட் தாராளமாகத் தேறிவிடும், விரிவதில்தான் விஷயம் இருக்கிறது.

மேட்ச் புல்லட் சமயத்தில் ஊசி மாதிரி நுழைந்து வெளியே போய்விடும். சமயத்தில் மெல்லிய செம்பு உறை உடைந்து சில்லுச்சில்லாகச் சிதறும். எது நடக்கும் என்பதை வேகமும் படுகிற இடமும் முடிவு செய்யும். அதனால்தான் பெர்கர் கம்பெனி தன் விஎல்டி புல்லட்டை வேட்டைக்கு மெல்லிய உறை, இலக்குக்குத் தடித்த உறை என்று இரண்டாகப் பிரித்து விற்கிறது. ஹார்னடி கம்பெனியில் இஎல்டி-மேட்ச், இஎல்டி-எக்ஸ் இரண்டும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், எக்ஸில் உறை தடிமன், நடுவில் ஈயத்தைப் பிடித்துக்கொள்ள ஒரு வளையம். பி.சி. கொஞ்சம் குறையும். அந்தக் கொஞ்சத்தை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை, அங்கேதான் சறுக்கினேன்.

நான் வாங்கியது 140 கிரெயின் மேட்ச். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம், டப்பாவிலேயே இலக்குக்கு என்று போட்டிருந்தது, வாங்கியவன் நான்.

அந்தக் குளிர்காலம் முழுக்க கேரேஜில் ரீலோடிங்தான், சுட்ட கேஸில் மறுபடி தோட்டா அடைக்கிற வேலை. சுட்ட கேஸைத் துடைத்து, டை என்ற அச்சில் அழுத்திக் கேஸின் தோளை இரண்டு தவ் பின்னுக்குத் தள்ளி, நீளம் வெட்டி, பிரைமர் வைத்து, மருந்து நிறுத்துப் போடுவது. தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று. மருந்து எடையை இங்கே எழுத மாட்டேன், கேட்கவும் வேண்டாம். என் ரைஃபிளில் சாதுவாக இருப்பது உங்கள் ரைஃபிளில் குழலின் பின்பக்கத்தை மூடும் போல்ட்டைத் திறக்க விடாமல் பண்ணலாம். மேனுவலில் தொடக்க அளவிலிருந்து மெதுவாக ஏறுங்கள், பிரைமர் தட்டையானாலோ போல்ட் கனத்தாலோ இறங்கிவிடுங்கள், மேசையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்து டப்பா.

மருந்தைவிட என்னைப் படுத்தியது புல்லட்டை எவ்வளவு ஆழம் உட்கார வைப்பது என்பதுதான். குழலுக்குள் முறுக்குக் கோடுகள் தொடங்கும் இடத்துக்கும் புல்லட்டின் தோளுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை ஜம்ப் என்பார்கள். நீளமூக்கு புல்லட்டுகளுக்கு இந்த இடைவெளி ஜாதகம் மாதிரி, கொஞ்சம் மாறினாலும் கோபித்துக்கொள்ளும். 10, 40, 80, 120 தவ் என்று நாலு படியில் அடைத்துச் சுட்டுப் பார்த்தேன். கடைசியில் ஒரு கிறுக்கில் இடைவெளியே இல்லாமல், கோட்டைத் தொட்டபடி அடைத்தேன். ஒரு ரூபாய்க் காசுக்குள் ஐந்து விழுந்தது அப்போதுதான்.

அந்தப் பெருமை முதல் வேட்டையின் முதல் சாயங்காலமே போயிற்று. வெளிச்சம் போனதும் ரைஃபிளைக் காலி செய்யப் போல்ட்டை இழுத்தேன், வாய் திறந்த கேஸ் மட்டும் வந்தது. புல்லட் குழலில் சிக்கிக்கொண்டது, மருந்து முழுக்க மகசீனுக்குள்ளும் போல்ட் இடுக்கிலும் ரவை கொட்டின மாதிரி. கையில் கிளீனிங் ராட் இல்லை. மறுநாள் காலை 40 மைல் போய் ஒன்று வாங்கி, முன்பக்கமாக விட்டுத் தட்டித் தள்ளினேன். மிச்சமிருந்த தோட்டாக்களைத் தொடவில்லை, நல்லவேளையாக 40 தவ் ஜம்ப்பில் அடைத்த இருபது பையில் கிடந்தன. இப்போதும் வேட்டைத் தோட்டா எல்லாம் அதே அளவுதான், ராட் பையை விட்டு இறங்குவதில்லை.

இன்னொரு மோகம் எஸ்.டி., தோட்டாவுக்குத் தோட்டா வேகம் எவ்வளவு மாறுகிறது என்ற கணக்கு. ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் துளித்துளியாக மருந்து நிறுத்திருக்கிறேன். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தால் நொடிக்கு 30 அடி வித்தியாசம் 500 கெஜத்தில் மேலே கீழே ஓர் அங்குலம் சொச்சம்தான். காற்றைத் தப்பாகப் படித்தால் ஓர் அடி. மருந்து நிறுத்த நேரத்தில் பாதியைப் புல் அசைவதைப் பார்க்கச் செலவழித்திருக்கலாம்.

அந்த முதல் வருஷம் மூன்றாம் நாள் 410 கெஜத்தில் ஒரு பெண் எல்க், பக்கவாட்டில், அசையாமல். தோளுக்குப் பின்னால் விலாவில் பட்டது. ஐந்து அடி நடந்து உட்கார்ந்தது, அவ்வளவுதான். தோலை உரித்தபோது உள்ளே போன ஓட்டை பென்சில் அகலம், உள்ளே நுரையீரல் கூழ். மேட்ச் புல்லட்டைப் போல வருமா என்று கூட வந்தவரிடம் காம்ப் திரும்பும்வரை பேசிக்கொண்டே வந்தேன்.

அடுத்த வருஷம் அதே புல்லட், அதே ரைஃபிள். விடியற்காலை ஒரு கட்டையில் சாய்ந்து எதிர் மலைச்சரிவை பைனாகுலரில் துழாவிக்கொண்டிருக்கிறேன், பக்கத்துத் தோப்பிலிருந்து சருகு மிதிபடும் சத்தம். திரும்பினால் 70 கெஜத்தில் ஓர் எல்க், என்னைப் பார்த்து அரைவாசி திரும்பி நிற்கிறது. காத்திருந்திருக்க வேண்டும், காத்திருக்கவில்லை. தோளில் சுட்டேன். 410 கெஜத்தில் 2,400க்குள் தணிந்திருந்த வேகம் இங்கே நொடிக்கு 2,800 அடிக்கு மேல், படுவதோ மெல்லிய விலா இல்லை, தோள் மூட்டு. விழுந்தது, எழுந்தது, மூன்று காலில் திரும்பியது. போல்ட்டைத் தள்ளி இரண்டாவது குண்டு விலாவில் போடும்வரை ஏழெட்டு நொடி இருக்கும், அந்தச் சத்தத்தை எழுத எனக்கு மனசில்லை.

உரித்தபோது முன்தொடை முழுக்கப் பீட்ரூட் துருவல் மாதிரி ரத்தம் கட்டிப்போயிருந்தது. கத்தி முனையில் நெல்லுமணி அளவில் செம்புச் சில்லுகள் நெருநெருவென்று தட்டின. எலும்பிலேயே உடைந்து சிதறி, உருப்படியான துண்டு எதுவும் நெஞ்சுக்கூட்டுக்குள் போகவில்லை. ஒரு முன்தொடைக் கறி அப்படியே வீண். நான் நாலு மாதம் அளந்தது காகிதத்தில் விழும் ஓட்டையின் இடைவெளியை. எலும்புக்குள் முதல் இரண்டு அங்குலத்தில் அது என்ன செய்யும் என்று ஒரு தடவையாவது பார்த்தேனா என்றால் இல்லை.

இப்போது 143 கிரெயின் இஎல்டி-எக்ஸ்தான் அடைக்கிறேன். என் எல்லை 450 கெஜம், அதற்கு மேல் புல்லட் போய்ச் சேர அரை நொடியைத் தாண்டிவிடும், அதற்குள் எல்க் ஓர் அடி எடுத்து வைத்தால் நுரையீரல் வயிறாகிவிடும். மேட்ச் வடிவத்தில்தான் போவேன் என்பவர்கள் வேட்டைக்கென்று விற்கிற வகையை எடுங்கள். திறந்த மூக்கு என்றால் ஒவ்வொன்றையும் பூதக்கண்ணாடியில் பார்த்து மெல்லிய கம்பியை விட்டு ஓட்டை அடைபடாமல் இருக்கிறதா என்று சோதியுங்கள், அப்புறம் கிட்டத்தில் வந்து நின்றால் தோளைத் தொடாதீர்கள். கலிபோர்னியாக்காரர்களுக்கு இந்தத் தலைவலியே வேறு, அங்கே 2019 ஜூலை முதல் வேட்டையில் ஈயமே கூடாது.

இந்த வருஷமும் டேக் விழுந்திருக்கிறது, 40 தோட்டா தயார். நாளைக்கு ரேஞ்சில் 70 கெஜத்தில் தண்ணீர் நிரப்பிய பால் கேன்களை வரிசையாக வைத்து, முன்னால் ஒரு மாட்டுத் தோள் எலும்பை நிறுத்திச் சுடப்போகிறேன். எலும்பைக் கட்டிக் கொடுத்த கசாப்புக்கடைக்காரர் நாய்க்கா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.