சீகைச் சாம்பல்

நான் செய்த பீங்கான் பாத்திரங்களின் கண்காட்சி அட்டையில் ‘நீலகிரியின் நிறங்கள்’ என்று போடலாமா என்று ஏற்பாட்டாளர்கள் கேட்டபோது சரி என்று சொன்னேன். இன்று கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் வனத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அந்தப் பெரியவரின் கேள்வி, சூளைக்கு விறகு அடுக்கும்போதெல்லாம் எதிரே வந்து நிற்கிறது.

அகலமான தட்டு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். விளிம்பில் இளம்பச்சை, நடுக்குழியில் கிளேஸ், அதாவது மரச்சாம்பல் சேர்த்த கண்ணாடிப் பூச்சு, வழிந்து தேங்கிக் கரும்பச்சை. எந்த மரத்துச் சாம்பல் என்று கேட்டார்.

“சீகைதான், ஐயா.”

“சீகையை எரித்துச் செய்துவிட்டு மலை என்று எழுதியிருக்கிறீர்களே, அம்மா?”

“அதுவும் இந்த மலையில்தானே முளைக்கிறது?”

“முளைக்கும். வேண்டாமென்று வெட்டினாலும் முளைக்கும்.”

தட்டை இருந்த இடத்திலேயே பதமாக வைத்துவிட்டு நகர்ந்துவிட்டார். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குப் பேசி அன்றோடு மறந்திருப்பேன்.

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. வாட்டில் எனப்படும் இந்தச் சீகை, 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த மரம். விறகுக்கு ஆயிற்று, பிறகு தோல் பதனிட அதன் பட்டை வேண்டியிருந்தது. புல்வெளி முழுக்க நட்டார்கள். மழையை உறிஞ்சி ஓடைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருந்த புல்வெளியும் சோலையும் சுருங்கின. மண்ணுக்குள் அதன் விதை பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். மேலே தீ பட்டால் கூட்டமாக எழும்பும். அதோடு மல்லுக்கட்டியே வேலைக்காலத்தைக் கழித்த மனிதருக்கு என் பச்சை வேறு எப்படித் தெரியும்?

ஆனாலும் என் பக்கத்திலும் நியாயம் உண்டு. சோலை மரத்தை நான் தொட முடியாது, தொடவும் கூடாது. காப்புக்காட்டில் விழுந்து கிடக்கும் கிளைகூட எனக்குரியதல்ல. இங்கே விலைக்குக் கிடைப்பது சீகையும், கற்பூர மரம் என்று இங்கே சொல்லும் யூகலிப்டஸும்தான். எது மலைக்குக் கேடு செய்கிறதோ அதையே எரித்துப் பாத்திரத்தில் ஏற்றுகிறேன். இதில் என்ன தவறு என்று பலமுறை எனக்கு நானே கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் தவறில்லை என்றே பதில் வருகிறது. அது ஏனோ போதவில்லை.

அந்தச் சாம்பலுக்குப் பின்னால் இருக்கும் வேலையைச் சொல்லவேண்டும். சலித்து, வாளித் தண்ணீரில் ஊறவைத்து, மேலே தெளியும் கார நீரைத் திரும்பத் திரும்ப வடிக்கவேண்டும். கையுறை இல்லாமல் அளைந்தால் விரல்கள் வழுவழுத்து, பிறகு எரியும். உலர்த்திய பொடியோடு பெல்ஸ்பார் என்ற கனிமப் பொடியும் களிமண்ணும் சேர்த்தால் 1280 டிகிரிக்குப் பக்கத்தில் உருகிக் கண்ணாடியாகிறது. உள்ளே காற்றைக் குறைத்துச் சுட்டால், அதிலுள்ள, மஞ்சளாக நின்றிருக்கவேண்டிய இரும்பு பச்சையாகிறது. பட்டையோடு எரித்த சாம்பலில் சுண்ணாம்பு கூடுதல். கிளேஸ் அதிகம் வழியும். எவ்வளவு பட்டை சேர்த்தால் எங்கே தேங்கும் என்பது கைக்குப் பழகவே ஆண்டுகள் ஆயின. மூடுபனி விலகும்போது கோடநாட்டுப் பக்கச் சரிவில் பார்த்த பச்சை அது. அதைப் பார்த்துத்தான் தேடினேன். அது என் கண்ணுக்குள் வந்தது மலையிலிருந்துதான். கையில் வந்தது சீகையிலிருந்து.

இன்னொன்றையும் அவர் கேட்டிருக்கலாம். தட்டின் உடம்பில் இருப்பது பிகானேர் களிமண். பெல்ஸ்பாரும் ராஜஸ்தானிலிருந்து மூட்டையில் வருகிறது. இதே மலையில் கோத்தர் பழங்குடிப் பெண்கள் உள்ளூர் மண்ணை எடுத்துப் பானை வனைந்தார்கள். வனைவது அந்தச் சமூகத்தில் பெண்களின் வேலை. அவர்கள் எந்த அட்டையிலும் மலை என்று எழுதவில்லை. இங்குள்ள செம்மண்ணில் நான் தனியாகத் தட்டு செய்து என் சூட்டில் வைத்துப் பார்த்தேன், நெளிந்து போனது. சாம்பலோடு கலந்து பூசினால் கரும்பழுப்பாக அழகாக உருகுகிறது. ஆக, மலை என் பாத்திரத்தில் மேல்பூச்சாக மட்டும் இருக்கிறது. இப்படி எழுதும்போதே கை தயங்குகிறது. புதுச்சேரியில் வேலை கற்ற நாட்களில் சூளையில் சவுக்கு எரிந்தது. அதுவும் கடல் கடந்து வந்த மரம்தான். அங்கே யாரும் இப்படிக் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

இப்போது அட்டையில் பொருட்களையும் எழுதுகிறேன்: சீகைச் சாம்பல், பிகானேர் களிமண், கோத்தகிரிச் செம்மண். ஏற்பாட்டாளர் ஒருவர் இது வாங்க வருபவரைக் குழப்பும் என்றார். குழப்பட்டும் என்றேன். பெரியவருக்கு இது பதிலாகுமா என்றால், ஆகாது. அவர் கேட்டது அட்டையைப் பற்றி அல்ல.

புல்வெளியை மீட்பதற்காகச் சீகையை அகற்றும் வேலை பல சரிவுகளில் நடக்கிறது. அது நடக்கவேண்டும், அதற்காகப் பேசும் கூட்டங்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன், மனதாரக் கைதூக்கியிருக்கிறேன். முழுதாக அகன்றால் என் பச்சையும் போகும். வேறு மரத்தில் அது வராது, முயன்று பார்த்துவிட்டேன். போகட்டும் என்று அந்தக் கூட்டத்தில் உரக்கச் சொல்ல முடிகிறது. பட்டறைக்கு வந்து சாம்பல் வாளியைத் திறந்தபிறகு என்னால் சொல்ல முடியவில்லை.