பக்கத்து வீட்டு ஐரிஷ் பசங்க

2014 சம்மர்ல நான் சான் ஃபிரான்சிஸ்கோவுல சன்செட் ஏரியாவுல குடியிருந்தேன். வீடுன்னு சொல்ல முடியாது, கராஜுக்குப் பின்னாடி ஒரு ரூம், ஒரு பாத்ரூம், ஓரமா ஒரு அடுப்பு, அதுக்கு அங்க இன்-லா யூனிட்னு பேரு. அந்த ஏரியாவுல எல்லாமே ஒட்டி ஒட்டி கட்டின வீடு, நடுவுல பூனை போற சந்து கூட கிடையாது, பக்கத்து வீட்ல தும்மினா நம்ம வீட்ல இருந்து தீர்க்காயுசு சொல்லலாம். அப்படிப்பட்ட பக்கத்து வீட்டுக்குத்தான் ஜூன் முதல் வாரம் ஐரிஷ் காலேஜ் பசங்க குடி வந்தாங்க. முதல் நாள் நாலு பேரு, அடுத்த வாரம் ஏழு, அதுக்கு மேல நான் எண்றதை விட்டுட்டேன்.

இவங்க யாருன்னா ஜே-ஒன் விசாவுல வர்ற பசங்க. காலேஜ் லீவு விட்டதும் அமெரிக்கா வந்து நாலு மாசம் ஹோட்டல்லயோ கடையிலயோ வேலை பாத்து, அந்த காசுல ஊர் சுத்திட்டு திரும்பிப் போயிடணும். அயர்லாந்துல 1960கள்ல இருந்து இது கிட்டத்தட்ட ஒரு சடங்கு மாதிரி, ஒன்றரை லட்சம் பேருக்கு மேல இப்படி வந்து போயிருக்காங்க. அப்பா வந்திருப்பாரு, பெரியப்பா வந்திருப்பாரு, இப்ப பையன். பாஸ்டன், நியூயார்க், ஓஷன் சிட்டி, சான் டியேகோ, அப்புறம் எங்க ஊரு.

அதுல செம்பட்டை தலையோட ஒரு பையன், அயர்லாந்துல கார்க்ங்கற ஊர் பக்கத்துக்காரன், அவன்தான் எனக்கு கொஞ்சம் பழக்கம். ராத்திரி ஒன்றரை மணிக்கு போய் கதவைத் தட்டி தம்பி காலைல எனக்கு ஆபீஸ் இருக்குன்னு சொன்னா உடனே சாரி கேட்டு தலையாட்டுவான், சொல்லி முடிக்கும்போது "கிராண்ட், கிராண்ட்"னுவான். எனக்கு முதல்ல செம கடுப்பு, தூக்கம் போச்சுன்னு வந்து நிக்கிறேன், இவன் என்னமோ கல்யாணத்துக்கு சமையல் எப்படின்னு கேட்ட மாதிரி கிராண்டுங்கறானேன்னு. அவங்க ஊர்ல கிராண்டுன்னா "சரி", "பரவால்ல", "ஓகே" எல்லாத்துக்கும் அந்த ஒரே வார்த்தைதானாம், அது புரியவே எனக்கு ஒரு மாசம் ஆச்சு. பைப் ஒழுகுதா, கிராண்ட். குப்பைத் தொட்டி நிரம்பி ரோட்டுக்கு வழியுதா, கிராண்ட்.

ஞாயித்துக்கிழமை காலைல ஏழரைக்கு தோசைக்கல்லை அடுப்புல வைக்கிறேன், சுவத்துக்கு அந்தப்பக்கம் ஒரு கூச்சல், யாரையோ வெட்டிப்புட்டாங்கன்னே நெனச்சு ஓடிப்போய் பாத்தா லேப்டாப்ல ஹர்லிங் மேட்ச் ஓடுது, அது மட்டையும் பந்துமா ஆடற அவங்க ஊர் ஆட்டம், அங்க மத்தியானம் மூன்றரைன்னா எங்களுக்கு காலை ஏழரை. மேட்ச் முடிஞ்சதும் அதே மாதிரி மட்டையை எடுத்துக்கிட்டு தெருவுல இறங்கி கராஜ் கதவுல டப்பு டப்புன்னு பந்து அடிப்பானுங்க. என் தலைமாட்டுக்கு நேரா அந்த கதவு.

பார்ட்டி ஏன் எப்பவும் வீட்லயே நடக்குதுன்னு ஒரு நாள் அவன்கிட்டயே கேட்டேன். அவன் சொன்னதுக்கு அப்புறம்தான் எனக்கு விஷயம் உறைச்சுச்சு. அயர்லாந்துல 18 வயசு ஆச்சுன்னா பப்ல போய் உக்காந்து குடிக்கலாம், அமெரிக்காவுல 21. இவங்கள்ல பாதிப் பேருக்கு 19, 20. ஊர்ல ரெண்டு வருஷமா ஊரறிய பப்புக்கு போய்ட்டு வந்தவன் இங்க வாசல்லயே ஐடி காட்டச் சொல்லி திருப்பி அனுப்பப்படுறான், அப்ப 21 ஆன ஒருத்தன் போய் வாங்கிட்டு வருவான், மத்தவன்லாம் வீட்ல காத்திருப்பான், வாடகை வீடே பப்பா மாறிடும். பப்புன்னா நேரம் ஆச்சு கிளம்புங்கன்னு சொல்ல ஓனர் நிப்பாரு, இங்க யாரு சொல்றது.

ஆகஸ்ட் கடைசில எல்லாம் காலி. சொல்லிட்டு போனது செம்பட்டை மட்டும்தான், ஒரு பாதி பாட்டில் கெட்சப்பும் நாலு முட்டையும் என் வாசல்ல வெச்சுட்டுப் போனான். ரெண்டு நாள் கழிச்சு வீட்டு ஓனர், ஒரு வயசான சீனத் தாத்தா, என்னை உள்ள கூப்பிட்டு காட்டினாரு. பிளாட்பாரத்துல ஒம்போது மெத்தை. பாத்ரூம் கதவு அதோட இடத்துல இல்ல, ஹால்ல ரெண்டு நாற்காலி மேல படுத்திருக்கு, கப்புல பந்து போட்டு பீர் குடிக்கிற பீர் பாங் விளையாட்டுக்கு டேபிளாம். ஹால் சுவத்துல அங்கங்க வெள்ளை வெள்ளையா திட்டு. தாத்தா கிட்டப் போய் விரலால அமுக்கினாரு, பொதுக்குனு உள்ள போச்சு, மோந்து பாத்தாரு, புதினா வாசனை. டூத்பேஸ்ட். குத்தி ஓட்டை போட்டுட்டு டூத்பேஸ்ட் வெச்சு அடைச்சிருக்கானுங்க. நம்ம ஊர் செங்கல் சுவத்துல குத்தினா கை உடையும், அங்க டிரைவால், பின்னாடி வெத்து, ஒரு குத்துக்கு முழங்கை வரைக்கும் உள்ள போயிடும். அமெரிக்க சுவரும் பசங்க கோவமும் சேந்தா டூத்பேஸ்ட் கம்பெனிக்காரன் பொழைச்சான்.

தாத்தா கத்தல. கதவைத் தூக்கி சுவத்துல சாய்ச்சுட்டு "என் பொண்ணு கல்யாணத்துக்கு முன்னாடி இருந்த ரூம் இது"ன்னு மட்டும் சொன்னாரு.

அதே வருஷம் அதே ஊர்ல இன்னொரு வீடு பேப்பர்லயே வந்துச்சு, ஐரிஷ் பசங்க வாடகைக்கு எடுத்து நாசம் பண்ணிட்டாங்கன்னு, விளக்கெல்லாம் உடைச்சு, சுவரெல்லாம் ஓட்டைன்னு போட்டோவோட. அதைப் பாத்து அதிகமா கொதிச்சது அங்கயே ரொம்ப வருஷமா இருக்கற ஐரிஷ்காரங்கதான். எங்க தெருமுனைல ஒரு அம்மா இருந்தாங்க, சின்ன வயசுலயே அயர்லாந்துல இருந்து வந்தவங்க, 45வது அவென்யூல இருக்கற ஐரிஷ் கல்ச்சுரல் சென்டருக்கு வாராவாரம் போறவங்க, அவங்க "நாங்க நாப்பது வருஷமா சேத்த பேரை இதுங்க நாலு மாசத்துல குடிச்சுட்டுப் போகுது"ன்னு புலம்புனாங்க.

பசங்க பக்கம் நியாயமே இல்லைன்னும் சொல்ல மாட்டேன். அப்பெல்லாம் வேலையை முன்னாடியே முடிவு பண்ணிட்டு வரணும்னு கட்டாயம் இல்ல, ப்ளைட் விட்டு இறங்கி வேலையும் தேடணும் வீடும் தேடணும், ஆயிரக்கணக்கான பேரு ஒரே வாரத்துல, அதுவும் அந்த ஊர்ல. வருஷ அக்ரிமென்ட் இல்லாம எவனும் வீடு தரமாட்டான், மூணு மாசத்துக்குத் தர்றவன் இஷ்டத்துக்கு ரேட் சொல்லுவான், அப்ப ரெண்டு பேரு கையெழுத்து போட்டு பன்னெண்டு பேரு படுத்தாத்தான் கட்டுப்படியாகும். கலிஃபோர்னியா சட்டப்படி காலி பண்ணின 21 நாளைக்குள்ள டெபாசிட்டை திருப்பித் தரணும், இல்லன்னா எதுக்கு எவ்ளோ பிடிச்சோம்னு கணக்கு எழுதித் தரணும். ஆனா 21வது நாள் அவன் கார்க்ல கிளாஸ்ல உக்காந்திருப்பான், அங்க இருந்து வந்து கேஸா போடப் போறான்? ஓனருக்கும் இது தெரியும், பையனுக்கும் இது தெரியும். சீனியர் பசங்க சொல்லித்தான் அனுப்புவாங்களாம், டெபாசிட் எப்படியும் வராது, அது போன காசுன்னு நெனச்சுக்கோன்னு. போன காசுன்னு முடிவு பண்ணின வீட்டை எவன் பாத்து பாத்து வெச்சுக்குவான். பன்னெண்டு பேர்ல பத்து பேரோட பேரு எந்த பேப்பர்லயும் கிடையாது வேற.

இதை எழுதும்போது எனக்கே கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கு, ஏன்னா சன்செட் வர்றதுக்கு முன்னாடி நாங்க சன்னிவேல்ல டபுள் பெட்ரூம்ல ஆறு பேரு இருந்தோம், அக்ரிமென்ட்ல ரெண்டு பேரு. அப்பார்ட்மென்ட் ஆபீஸ்ல இருந்து ஆள் வந்தா நாலு பேரு கார்ல போய் உக்காந்துக்குவோம். காலி பண்ணும்போது கிச்சன் மேடையில மஞ்சக்கறை, கார்ப்பெட்ல சாம்பார் வாசனைன்னு சொல்லி 600 டாலர் பிடிச்சாங்க. நாங்க யாரும் சுவத்தை குத்தல, அது வேற விஷயம்.

அடுத்த வருஷம், 2015 ஜூன் 16. காலைல போன் எடுத்துப் பாத்தா பெர்க்லியில பால்கனி இடிஞ்சு விழுந்துருச்சு. நள்ளிரவு தாண்டி, ஒரு பொண்ணோட 21வது பர்த்டே, கிட்ரெட்ஜ் தெரு அப்பார்ட்மென்ட் மேல்மாடி பால்கனியில 13 பேரு நின்னுட்டு இருந்திருக்காங்க. ஆறு பேரு செத்துட்டாங்க, அஞ்சு பேரு அயர்லாந்துல இருந்து வந்த ஜே-ஒன் பசங்க, ஒரு பொண்ணு அங்கயே வளர்ந்த ஐரிஷ் வம்சாவளி. மத்த ஏழு பேருக்கும் பலத்த அடி.

அன்னைக்கு எனக்கு முதல்ல வந்த நெனப்பு என்னன்னு மறைக்காம சொல்லிடறேன். "குதிச்சிருப்பானுங்க, கூட்டமா ஏறி ஆடியிருப்பானுங்க." டூத்பேஸ்ட் வாசனைதான் ஞாபகம் வந்துச்சு. என்கூட ரூம்ல இருந்த மதுரைக்காரன் "டேய், செத்தவனைப் போய் ஏன்டா"ன்னான், ஆனா அவனும் அதையேதான் நெனச்சிருப்பான்.

நான் என் ரூமுக்குள்ள நெனச்சதை நியூயார்க் டைம்ஸ் அச்சடிச்சே போட்டுருச்சு. பசங்க உடம்பு ஊர் போய்ச் சேரக்கூட இல்ல, அதுக்குள்ள ஜே-ஒன் புரோகிராமே அயர்லாந்துக்கு தலைகுனிவுன்னு, குடி, பார்ட்டி, முந்தின வருஷம் சான் ஃபிரான்சிஸ்கோவுல நாசமான வீடு எல்லாத்தையும் சேத்து எழுதி. அயர்லாந்தே கொந்தளிச்சுது, முன்னாள் ஜனாதிபதி மேரி மெக்அலீஸ் அந்த பேப்பருக்கு காட்டமா கடிதம் எழுதினாங்க. பேப்பர் மன்னிப்பு கேட்டுச்சு.

அப்புறம் மெல்ல மெல்ல உண்மை வெளிய வந்துச்சு. பால்கனியைத் தாங்கற மரக்கட்டை உள்ளுக்குள்ளயே உளுத்துப் போயிருந்திருக்கு. கட்டும்போதே மழைத்தண்ணி உள்ள மாட்டிக்கிச்சு, வெளிய போக வழியில்லாம வருஷக்கணக்கா ஊறி மரம் மக்கிப்போச்சு, மேல பாத்தா ஒண்ணும் தெரியாது. அதுக்கு முன்னாடி குடியிருந்தவங்க அந்த பால்கனியில காளான் முளைக்குதுன்னு சொல்லியும் கண்டுக்கலன்னு குடும்பங்க போட்ட கேஸ்ல இருந்துச்சு. 2016 மார்ச்ல அரசு வக்கீல், காரணம் இந்த உளுப்புதான், ஆனா கிரிமினல் கேஸ் போட முடியாதுன்னுட்டாங்க. அந்த வருஷத்துல இருந்துதான் ஐரிஷ் பசங்க வேலை கையில இல்லாம ஜே-ஒன்ல வர முடியாதுன்னும் ஆச்சு. அது தனி ரூல்.

நான் செம்பட்டைக்கு அன்னைக்கே மெசேஜ் போட்டிருந்தேன். அவன் அந்த வருஷம் வரல, ஊர்லதான் இருந்தான். ரெண்டு நாள் கழிச்சு பதில் வந்துச்சு, "நாங்களும் எங்க பின்பக்க படிக்கட்டுல பன்னெண்டு பேரு நின்னு போட்டோ எடுத்தோம், அதை நீதான் எடுத்துக் குடுத்த"ன்னு. ஆமா. நான்தான் எடுத்தேன். மரப் படிக்கட்டுதான், நான் கீழ தோட்டத்துல நின்னுக்கிட்டு இன்னும் கொஞ்சம் நெருங்கி நில்லுங்கடான்னு கத்திக்கிட்டு இருந்தேன்.

2018ல கலிஃபோர்னியாவுல சட்டம் வந்துச்சு, மூணு வீடோ அதுக்கு மேலயோ இருக்கற அப்பார்ட்மென்ட்ல மரத்துல நிக்கற பால்கனி, படிக்கட்டு எல்லாத்தையும் ஆறு வருஷத்துக்கு ஒருக்கா செக் பண்ணணும்னு. பிள்ளையை இழந்த குடும்பங்க விடாம போய் பேசி வாங்கினது. எல்லாத்தையும் பிரிக்க வேண்டாம், ஒவ்வொரு வகையிலயும் 15 சதவீதம் பாத்தா போதும்.

நாங்க இப்ப ஃப்ரீமான்ட்ல இருக்கோம், போன வருஷம் அந்த 15 சதவீதத்துல எங்க பால்கனியும் மாட்டுச்சு. ஒருத்தர் வந்து அடிப்பக்கம் சின்னதா ஓட்டை போட்டு, பென்சில் தடிமன்ல ஒரு கேமரா டியூபை உள்ள விட்டு, போன்ல பாத்துக்கிட்டே இருந்தாரு. என் மனைவி பக்கத்துல நின்னு "உள்ள ஏதாச்சும் தெரியுதாங்க"ன்னு மூணு தடவை கேட்டா. மரம் நல்லா இருக்கு, ஆனா அந்த பெரிய தொட்டியை எடுத்துடுங்க, அதுக்கு அடியில ஈரம் காயவே மாட்டேங்குதுன்னாரு. அது துளசி. இப்ப கிச்சன் ஜன்னல்ல இருக்கு, வெயில் பத்தாம நாலஞ்சு இலை மஞ்சளாயிருச்சு.