ஆறு மாதம் என்பது அட்டைக்குத்தான், கைக்கு இல்லை

நைனாவின் யுடிஐடி அட்டை, அதாவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, போன வாரம் தபாலில் வந்தது. மஞ்சள் நிறம், குறைபாடு 65 சதவீதம். எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அம்மா கவரைப் பிரித்து, அட்டையைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டார். எனக்கு நிம்மதியும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தன. அட்டைக்காக அலைந்ததைக்கூட மறந்துவிடலாம். ஆரம்பத்தில் நாங்கள் கோட்டைவிட்ட 23 நாளைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை. யார் வீட்டிலாவது இப்போது பக்கவாதம் வந்து ஒருவர் படுத்திருந்தால், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நைனா ஆம்பூரில் ஷூ கம்பெனியில் 31 வருடம் தோல் வெட்டியவர். சித்திரை பிறந்த மறுநாள் காலை, பல் தேய்க்கும்போது பிரஷ் கையிலிருந்து நழுவியது. எடுக்கக் குனிந்தவர் வலது பக்கமாகச் சாய்ந்துவிட்டார். வாயு பிடித்திருக்கும் என்று சோடா கொடுத்தோம், சூடம் போட்டுத் தேய்த்தோம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டுமாம். நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அந்த நேரம் தாண்டிவிட்டது. ஒன்பது நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். டிஸ்சார்ஜ் தாளில் கடைசி வரியாக 'பிசியோதெரபி தொடரவும்' என்று இருந்தது. எங்கே, எப்போது, எப்படி என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அப்புறம்தான் அந்த 23 நாள். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள்: "நரம்பு தளர்ந்து கெடக்குது, நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும், தானா சரியாயிடும்." ஒருவர் புறா ரத்தம் தடவச் சொன்னார். அதையும் செய்தோம். இன்னொருவர் எண்ணெய் வாங்கிக் கொடுத்தார். காலையும் மாலையும் அம்மா அழுதுகொண்டே தேய்த்தார். இதைவிடப் பெரிய தப்பு ஒன்று நடந்தது. நைனாவைக் கட்டிலிலிருந்து எழுப்பும்போதெல்லாம் நான் அவருடைய வலது கையைப் பிடித்து இழுத்தேன். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். செயலிழந்த கையில் தோள்மூட்டைப் பிடித்து வைக்கிற தசைக்குப் பலம் இருக்காது. இழுத்தால் மூட்டு கீழே இறங்கிவிடும். அந்தத் தோள்வலி அடுத்த நாலு மாதம் அவரைத் தூங்கவிடவில்லை. இடுப்பைப் பிடித்துத்தான் எழுப்ப வேண்டும் என்று எனக்குத் தெரிந்தபோது ஒரு மாதம் ஓடிவிட்டது.

முப்பத்திரண்டாம் நாள் வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அங்கே ஆஸ்பத்திரியின் மறுவாழ்வுப் பிரிவில் இருந்த பிசியோ மேடம் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை நாள் ஆச்சு?" சொன்னேன். அவர் திட்டவில்லை. ஒரு தாளைத் திருப்பி நீளமாக ஒரு கோடு போட்டு, முதல் மூன்று மாதத்தை மட்டும் பேனாவால் அழுத்தி அழுத்திக் கறுப்பாக்கினார். "இந்த நாட்கள்லதான் மூளை புதுசா வழி போட்டுக்க ரொம்பத் தயாரா இருக்கும். இதுல ஒரு மாசத்தைச் செலவு பண்ணிட்டீங்க. மிச்சத்தைச் செலவு பண்ணாதீங்க." அந்தத் தாள் இன்னும் என் பர்ஸில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து நானே தேடிப் படித்தேன். 2021-இல் அமெரிக்காவில் 72 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு வெளியாகியிருக்கிறது. வழக்கமான சிகிச்சைக்கு மேல் 20 மணி நேரக் கைப்பயிற்சியைச் சிலருக்கு முதல் 30 நாளுக்குள் கொடுத்தார்கள், சிலருக்கு இரண்டு மூன்று மாதத்தில், சிலருக்கு ஆறு மாதம் கழித்து. இரண்டு மூன்று மாதத்தில் செய்தவர்களுக்குத்தான் கை அதிகமாகத் தேறியது. முப்பது நாளுக்குள் செய்தவர்களுக்கு ஓரளவு பலன். ஆறு மாதம் கழித்துச் செய்தவர்களுக்கு அந்தக் கூடுதல் பயிற்சியால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சின்ன ஆய்வுதான், ஆனால் மேடம் கறுப்பாக்கிய இடமும் இதுவும் ஒன்றாக இருந்தன.

அதற்காக முதல் நாளே இழுத்துப்பிடித்து நடக்க வைக்கவும் கூடாது. 2015-இல் வந்த பெரிய ஆய்வில், ஐந்து நாடுகளில் 2,104 பேரிடம் பார்த்திருக்கிறார்கள். முதல் 24 மணி நேரத்துக்குள் அடிக்கடி எழுப்பி நடமாட வைத்தவர்கள், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிடக் குறைவாகவே தேறினார்கள். எப்போது, எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். கேட்காமல் மட்டும் இருக்காதீர்கள்.

வாரம் இரண்டு முறை ஆம்பூரிலிருந்து வேலூர், போக 50 கிலோமீட்டர், வர 50. மூன்றாவது வாரமே எனக்கு அலுத்துவிட்டது. எல்லாப் பயிற்சியையும் கற்றுக்கொண்டு வீட்டிலேயே நாங்கள் செய்துவிட்டால் என்ன என்று மேடத்திடம் கேட்டேன். அவர் சொன்னது எனக்குப் புதுசு. நம் நாட்டிலேயே 14 மருத்துவமனைகளில் 1,250 பேரை வைத்து அதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. குடும்பத்தாருக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்து வீட்டில் செய்ய வைத்தவர்களும், வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களும் ஆறு மாதம் கழித்து ஏறக்குறைய ஒரே நிலையில்தான் இருந்தார்கள். "நீங்க செய்யறது வீண்னு அர்த்தம் இல்ல. நீங்க மட்டுமே செஞ்சா போதும்னு நினைக்காதீங்க" என்றார். அன்றிலிருந்து பஸ்ஸைப் பற்றிப் புலம்புவதை விட்டேன்.

அங்கேதான் மேரி வர்கீஸ் கதையையும் கேட்டேன். வேலூரில் டாக்டராக இருந்தவர். 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார், வெளிநாடு போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறந்ததற்கு அவர்தான் காரணம். காட்பாடி–பாகாயம் டவுன் பஸ்ஸில் எத்தனை முறை போயிருப்பேன், இது தெரியாமல். நைனா அந்தக் கதையை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

இடையில் ஓர் இடத்தில் ரோபோ இயந்திரத்தில் கையை வைத்துப் பயிற்சி கொடுப்பதாகச் சொல்லி, ஒரு பேக்கேஜ் விலை சொன்னார்கள். அம்மாவின் வளையலை அடகு வைக்கும் யோசனைவரை போய்விட்டோம். பிரிட்டனில் 770 பேரிடம் செய்து 2019-இல் வெளியான ஆய்வில், ரோபோப் பயிற்சி வழக்கமான சிகிச்சையைவிடக் கையின் செயல்பாட்டை மேம்படுத்தவில்லை என்று படித்த பிறகு அந்தப் பேச்சை நிறுத்தினோம். கடன் வாங்குவதற்கு முன்னால் உங்கள் பிசியோவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

எங்களுக்கு உதவியது ஒரு சலூன் கண்ணாடி. தெருமுனைக் கடையைப் புதுப்பித்தபோது கழற்றிப் போட்டது, ஒன்றரை அடிக்கு ஒரு அடி. மேஜையில் நெட்டுக்குத்தாக நிறுத்தி, வலது கையைக் கண்ணாடிக்குப் பின்னால் மறைத்து வைத்து, இடது கையை முன்னால் வைத்து அசைக்க வேண்டும். கண்ணாடியில் பார்த்தால் வலது கை அசைவதுபோலத் தெரியும். இந்த யோசனை நரம்பியல் விஞ்ஞானி வி. எஸ். ராமச்சந்திரனுடையது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர், நம்ம ஊர்க்காரர். கை இழந்தவர்களுக்கு, இல்லாத கையில் வருவதாகத் தெரியும் வலிக்காகத் தொடங்கியது, பிறகு பக்கவாதத்துக்கும் வந்தது. 2018-இல் 62 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், இதனால் கை அசைவு தேறுகிறது என்று எழுதியிருக்கிறார்கள்.

முதல் நாலு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. நைனா கண்ணாடியைப் பார்க்காமல் என்னைப் பார்ப்பார். ஐந்தாவது வாரம் ஒரு சாயங்காலம், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த கட்டைவிரல் மேஜை விரிப்பை ஒரு நெல்மணி அளவுக்குத் தள்ளியது. விரிப்பில் விழுந்த சின்ன மடிப்பைத்தான் நான் முதலில் பார்த்தேன். அம்மாவைக் கூப்பிட்டேன். அவர் வருவதற்குள் நின்றுவிட்டது. மறுபடி வர மூன்று நாள் ஆனது.

அதற்குப் பிறகு புளியங்கொட்டையைப் பொறுக்கிச் சொம்பில் போடச் சொன்னோம். நைனாவுக்குப் பிடிக்கவில்லை. அவர் வேலையில் தொட்ட பொருளையே கொடுங்கள் என்றார் மேடம். கம்பெனி நண்பர் ஒருவரிடம் கழிவுத் தோல் துண்டுகள் ஒரு பை வாங்கி வந்தேன். கண்ணை மூடிக்கொண்டு வலது கை விரலால் ஒரு துண்டை நெருடினார். ரொம்ப நேரம் நெருடினார். நாக்கு குழறக் குழற "ஆடு" என்றார். ஆட்டுத்தோல்தான்.

இனி அட்டை விஷயம். முதல் பயணம் ஆடி மாதம், நாலாவது மாதம் முடிந்த சமயம். முகாம் நடக்கிறது என்று கேள்விப்பட்டு, 1,800 ரூபாய்க்கு வண்டி பிடித்துப் போனோம். காலை எட்டரை மணியிலிருந்து உட்கார்ந்திருந்தோம். சக்கர நாற்காலி இல்லை, வாசலில் ஐந்து படி. ஒன்றேகால் மணிக்கு எங்கள் முறை வந்தபோது எழுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எந்த ஊரு?" சொன்னேன். "இது உங்க மாவட்டமே இல்லையே." 2019-இல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது. எங்கள் ஆதாரில் இன்னும் வேலூர் என்றுதான் இருந்தது. நான் ஆதாரைக் காட்டி வாதாடினேன். பக்கத்தில் இருந்த டாக்டர்தான் பொறுமையாகச் சொன்னார்: "மாவட்டம் சரியா இருந்தாலும் இன்னிக்குக் கொடுக்க முடியாதுப்பா. பக்கவாதம் வந்து ஆறு மாசம் கழிச்சுத்தான் மதிப்பிடணும்." இந்த இரண்டையும் வாசலிலேயே ஒரு பலகையில் எழுதி வைத்திருக்கலாம். திரும்பும் வழியில் நைனா ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆறு மாதம் என்ற விதி நியாயமானதுதான். முதல் மாதங்களில் உடம்பு மாறிக்கொண்டே இருக்கும், நிலையான சதவீதம் போட முடியாது. ஆனால் ஊரில் பலர் இதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். 'ஆறு மாசம் கழிச்சு வரச் சொல்லிட்டாங்க' என்று சிகிச்சைக்கும் சேர்த்தே காத்திருக்கிறார்கள். அன்று வரிசையில் எங்களுக்கு முன்னால் இருந்த அண்ணனின் மனைவி அப்படித்தான் சொன்னார். எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. பயிற்சிக்கு அட்டை தேவையே இல்லை. இன்னொன்று, 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை கொடுப்பார்கள், 2021-இலிருந்து இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ப் பெயர் கொடுத்தால் போதும். எங்களுக்கு இது ஐந்தாவது மாதம்தான் தெரிந்தது.

ஆதாரில் முகவரியை மாற்றிவிட்டு ஒரு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தோம். அங்கே இருந்தவர் அவசரத்தில் பழைய மாவட்டத்தையே தேர்வு செய்து, தன் செல் நம்பரைப் போட்டு அனுப்பிவிட்டார். மூன்று வாரம் குறுஞ்செய்திக்குக் காத்திருந்தோம். வந்த செய்தியெல்லாம் அவர் போனுக்குப் போயிருக்கிறது. மறுபடி முதலிலிருந்து. சமர்ப்பிக்கும் பட்டனை அழுத்துவதற்கு முன்னால் திரையைத் திருப்பச் சொல்லி மாவட்டம், மருத்துவமனை, செல் நம்பர் மூன்றையும் உங்கள் கண்ணால் பாருங்கள். பதிவு எண்ணை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு இயக்கக் குறைபாடு என்ற பிரிவில்தான் பதிவானது.

ஐப்பசி மழையில் அடுத்த பயணம். எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்தேன். "எம்ஆர்ஐ ஃபிலிம் எங்கே?" என்றார்கள். ரிப்போர்ட் தாள் மட்டும்தான் கையில். இன்னொரு வண்டிச் செலவு என்று நினைத்தபோது கண் இருட்டியது. தங்கச்சிக்குப் போன் செய்தேன். அவள் பீரோவுக்குப் பின்னால் தேடி எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு ஃபிலிமாக வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். அந்த இளம் டாக்டர் அதைப் பெரிதாக்கிப் பார்த்து, டிஸ்சார்ஜ் சம்மரி ஒரிஜினலோடு ஒப்பிட்டு, சரி என்றார். அவருக்குக் கோடிப் புண்ணியம்.

சட்டை பட்டன் போடச் சொன்னார், நடக்கச் சொன்னார், தன் இரண்டு விரலை நீட்டி இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். நைனா முகம் சிவக்க இறுக்கினார். நன்றாகப் பிடித்தால் சதவீதம் குறையுமே என்று எனக்கு உள்ளுக்குள் பயம். அவருக்கு அந்தக் கணக்கெல்லாம் இல்லை. ஆறு மாதமாக உழைத்ததை ஒரு டாக்டரிடம் காட்டக் கிடைத்த நிமிடம் அது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

2024 அக்டோபரில் விதி மாறியதிலிருந்து 40 சதவீதத்துக்குக் கீழே வெள்ளை அட்டை, 40-இலிருந்து 80-க்குள் மஞ்சள், 80-உம் அதற்கு மேலும் நீலம். சலுகைகள் பெரும்பாலும் 40-இலிருந்துதான் தொடங்குகின்றன. பாங்கியில் பழைய கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று இன்னும் இழுத்தடிக்கிறார்கள். இடது கைப் பெருவிரல் ரேகைக்கு மாற்றச் சொல்லி மனு கொடுத்திருக்கிறேன். இதை முதல் மாதமே செய்திருக்க வேண்டும்.

நேற்று இரண்டு தெரு தள்ளி இருக்கும் பெரியவர் வீட்டிலிருந்து அவர் மருமகள் வந்தாள். அவருக்கும் அதே வலது பக்கம்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டாராம். "அட்டைக்கு ஆறு மாசம் ஆவும்னு சொல்றாங்களே அண்ணா, அதுவரைக்கும் இன்னா செய்யறது?" என்று கேட்டாள். கண்ணாடியையும் தோல் பையையும் எடுத்துக்கொண்டு அவளோடேயே போனேன். இன்று அவருக்குப் பதினோராம் நாள். நாளைக் காலை ஏழு மணி பஸ்ஸில் வேலூருக்குப் போகிறோம்.