சனிக்கிழமை மட்டும் ஏன் காலியா இருக்கு?

போன வருஷம் ஆலையில் எல்லாருக்கும் மருத்துவப் பரிசோதனை வைத்தார்கள். எனக்கு வயது 44, உயரம் 173 சென்டிமீட்டர், எடை 98 கிலோ, இடுப்பு 108 சென்டிமீட்டர். ஆசிய ஆண்களுக்கு இடுப்பு 90-க்குள் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். கடந்த மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு (HbA1c) 6.1 விழுக்காடு. "இனிப்புநீர் இன்னும் வரல, ஆனா பக்கத்துல வந்துட்டீங்க" என்றார். எங்கள் அப்பா வலது காலில் இரண்டு விரல் போன பிறகுதான் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தவர். அன்று வீட்டுக்கு வந்து யாரிடமும் பேசாமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் பாய்லர் பார்க்கிறவன். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு, ஷிப்டுக்கு 12 மணி நேரம். உடல் எடைக்கு ஆலோசனை கேட்கலாம் என்றால், அது எப்போதும் வார நாள் காலையில்தான் நடக்கும். இரவு வேலை முடித்தவன் அந்த நேரத்தில் தூங்குவானா, கிளினிக்கில் நம்பர் எடுத்துக் காத்திருப்பானா? எங்கள் ஊர் ஆண்கள் மருத்துவமனைக்குப் போவதே ஆம்புலன்ஸில்தான் என்று என் மனைவி சொல்லுவாள், அது உண்மைதான். 2023-இல் சுகாதார அமைச்சு எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் மலேசியாவில் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். எங்கள் ஷிப்டில் நிற்கிறவர்களைப் பார்த்தாலே அது தெரியும். அப்பா காலத்தில் விடியும் முன் எழுந்து மரம் மரமாக நடந்து ரப்பர் பால் வெட்டினார்கள், அந்த வேலைக்கு அந்தச் சோறு வேண்டியிருந்தது. வேலை மாறிவிட்டது, தட்டு மாறவில்லை.

சரி, கைப்பேசியிலேயே எடை குறைக்கலாம் என்று விளம்பரம் பார்த்து ஒன்றில் சேர்ந்தேன். மாதம் 150 வெள்ளி (ரிங்கிட்), 'உங்களுக்கென்று ஒரு பயிற்சியாளர்' என்று போட்டிருந்தது. முதல் வாரமே தெரிந்துவிட்டது. காலையில் என்ன சாப்பிட்டேன் என்று எழுதினால் உடனே "அருமை! தொடருங்கள்!" என்று வரும். இரவு ஷிப்டில் பசி தாங்க முடியவில்லை என்று எழுதினேன், அதற்கும் "அருமை! தொடருங்கள்!". நான்காம் நாளிலிருந்து காப்பி பாக்கெட் வாங்கச் சொல்லி ஒரே தொல்லை, கொழுப்பைக் கரைக்குமாம். நான் வாங்கவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், மெலிய வைக்கும் காப்பி என்று விற்கப்பட்ட சில பொருள்களில் சிபுட்ராமின் என்ற மருந்து கலந்திருப்பதாக நம் சுகாதார அமைச்சு பல தடவை எச்சரித்திருக்கிறது. இருதயத்துக்கு ஆபத்து என்று 2010-இலேயே அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விற்பனையிலிருந்து எடுத்துவிட்ட மருந்து அது. பாய்லர் சூட்டில் நிற்கிறவன் அதைக் குடித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். தயவு செய்து வாங்காதீர்கள்.

இரண்டு மாதம் கழித்துத்தான் இப்போது இருக்கும் திட்டம் கிடைத்தது. இதில் இருப்பவர் படித்த உணவியல் நிபுணர், பினாங்கில் இருக்கிறார், வயதில் சின்னப் பெண், என்னை அண்ணா என்பார். வாரத்துக்கு ஒரு தடவை பதினைந்து நிமிஷம் பேச்சு, மற்றபடி புலனத்தில்தான் (வாட்ஸ்அப்) எல்லாம். சாப்பாட்டைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். முதல் பேச்சில் எடையைப் பற்றிக் கேட்கவே இல்லை. எத்தனை மணிக்கு எழும்புறீங்க, ஆலையில் சாப்பாட்டு நேரம் எப்போ, ஒட்டுக்கடையில் யார் கூட உட்காருவீங்க, வீட்டில் சமைப்பது யார், இப்படியே போனது. அப்புறம் தே தாரிக் (கெட்டிப்பால் போட்டு ஆற்றிய டீ) ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்டார். ஐந்து என்றேன். குவளைக்கு இரண்டு மூன்று கரண்டி கெட்டிப்பால் என்றால் நாள் முழுக்க எத்தனை கரண்டி என்று என்னையே கணக்குப் போடச் சொன்னார். நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை. காலையில் பசியாறும்போது ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், மற்ற நேரம் தே ஓ கோசோங், அதாவது பாலும் சர்க்கரையும் இல்லாத டீ, என்றார். முதல் ஒரு வாரம் தலைவலி, அதற்குப் பிறகு பழகிவிட்டது.

இரவு ஷிப்டுக்கு அவர் செய்ததுதான் எனக்குப் பெரிய உதவி. நான் விடிகாலை மூன்று மணிக்கு நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) இரண்டு பொட்டலம் சாப்பிடுகிறவன். அவர் மாலை ஆறரைக்கு வீட்டிலேயே ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பச் சொன்னார், அமைச்சு சொல்லும் 'சுக்கு சுக்கு செபாரோ' கணக்கில்: தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ, பாதித் தட்டு காய்கறியும் பழமும். மூன்று மணிக்கு அவித்த முட்டை இரண்டு, ஒரு கொய்யா. அதையும் முதல் வாரம் சாப்பிட முடியாமல், பொட்டலம் ஒன்று வாங்கிவிட்டேன் என்று ராத்திரியே எழுதிப் போட்டேன். காலையில் பதில்: "பரவால்ல அண்ணா, ரெண்டு ஒண்ணாச்சே."

நான் உண்மையில் எழுத வந்தது இதைத்தான். முதல் இரண்டு வாரம் நான் சனிக்கிழமை எதுவும் அனுப்பவில்லை. சனிக்கிழமை என்றால் கூட்டாளிகளோடு பீர், ஆட்டிறைச்சிப் பெரட்டல், வறுத்த கடலை. அதை எப்படிப் படம் எடுத்து ஒரு தங்கச்சிக்கு அனுப்புவது? பழைய செயலி அந்த வெற்று நாளைக் கண்டுகொள்ளவே இல்லை, திங்கட்கிழமை வழக்கம்போல "அருமை" என்றது. இவர் மூன்றாவது வாரம் கேட்டார்: "அண்ணா, சனிக்கிழமை மட்டும் ஏன் காலியா இருக்கு?" குற்றம் சொல்கிற மாதிரி இல்லை, வீட்டில் யாரோ கேட்கிற மாதிரி இருந்தது. அன்றைக்கு எல்லாவற்றையும் சொன்னேன். பீர் மட்டும் இல்லை, அப்பாவின் கால் விரல், எனக்கும் அப்படி ஆகிவிட்டால் பிள்ளைகள் படிப்பு என்ன ஆகும் என்று ராத்திரியில் பாய்லர் முன்னால் நின்று யோசிப்பது, எல்லாமே. மனைவியிடம்கூட அதைச் சொன்னதில்லை. அப்புறம் சனிக்கிழமை பீரை நான்கிலிருந்து ஒன்றாக்கினோம். ஆக்கினோம் என்றுதான் சொல்ல வேண்டும், நான் தனியாகச் செய்யவில்லை.

இது எனக்கு மட்டும் நடந்த அதிசயமா என்று தேடிப் படித்தேன். இல்லை. 2006-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் 192 பேருக்கு ஒரே மாதிரி இணையத் திட்டத்தைக் கொடுத்து மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஆறு மாதத்தில் ஆலோசனையே இல்லாதவர்கள் சராசரி 2.6 கிலோ குறைந்தார்கள், கணினி தானாக ஆலோசனை அனுப்பியவர்கள் 4.9, ஒரு மனிதர் மின்னஞ்சலில் ஆலோசனை சொன்னவர்கள் 7.3. நேரில் போக வேண்டியதும் இல்லை: 2011-இல் வந்த இன்னொரு அமெரிக்க ஆய்வில் தொலைபேசியும் இணையமும் மட்டும் இருந்த குழு இரண்டு வருஷத்தில் 4.6 கிலோ குறைத்தது, நேரிலும் போனவர்கள் 5.1. நம் ஆட்களைப் பற்றியும் ஒன்று இருக்கிறது. இந்தியாவில் வேலைக்குப் போகும் 537 ஆண்கள், சர்க்கரை எல்லையில் நின்றவர்கள், அதில் பாதிப் பேருக்கு இரண்டு வருஷம் குறுஞ்செய்தி அனுப்பினார்கள், 2013-இல் முடிவு வந்தது. செய்தி கிடைத்தவர்களில் 18 விழுக்காட்டினருக்கும் மற்றவர்களில் 27 விழுக்காட்டினருக்கும் இனிப்புநீர் வந்தது. அதில் ஆள் உட்கார்ந்து பேசவில்லை, வெறும் குறுஞ்செய்திதான், அதற்கே அவ்வளவு வித்தியாசம்.

எட்டு மாதத்தில் என் எடை 98-லிருந்து 89.5, இடுப்பு 99, சர்க்கரை 5.8. இடுப்பு இன்னும் 90-க்கு வரவில்லை. நடுவில் தீபாவளிக்கு இரண்டு கிலோ ஏறி இறங்கியது. தினம் அரை மணி நேரம், வாரம் ஐந்து நாள் நடக்கிறேன், இரவு வாரத்தில் அது மூன்று நாளாகிவிடும்.

சேர நினைக்கிறவர்கள் காசு கட்டும் முன்னால் கேளுங்கள்: மறுபக்கம் இருப்பவர் யார், என்ன படித்தவர், நான் எழுதினால் எத்தனை மணி நேரத்தில் அவரே பதில் போடுவார், இரவு ஷிப்ட்காரனுக்கு எந்த நேரத்தில் பேசுவார். தூள், காப்பி, மாத்திரை ஏதாவது விற்கிறார்களா என்றும் கேளுங்கள், விற்றால் விலகிவிடுங்கள். இனிப்புநீருக்கு இன்சுலின் ஊசியோ கிளிக்லசைட் மாதிரி மாத்திரையோ எடுக்கிறவர்கள் சாப்பாட்டைக் குறைக்கும் முன் டாக்டரிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை திடீரென்று இறங்கி வேலையிடத்திலேயே மயங்கி விழலாம். எங்கள் ஆலையில் மெஷினுக்குப் பக்கத்தில் அப்படி விழுந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

போன வாரம் என் ஷிப்டில் இருக்கும் ஒரு தம்பி, 31 வயது, 110 கிலோ, என் முட்டையையும் கொய்யாவையும் பார்த்துவிட்டு, "அண்ணே, அந்த நம்பர் எனக்கும் கொடுங்க" என்றான். கொடுத்தேன். முதலில் இரத்தம் சோதிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை இரவு வேலை இல்லை, அன்று காலையில் அரசாங்கக் கிளினிக்குக்கு அவனை என் மோட்டாரிலேயே கூட்டிப் போகிறேன், அங்கே பதிவுக்கு ஒரு வெள்ளிதான்.